தறிக்குழியில் நின்ற தண்ணீர்

பழைய வீட்டை விலைக்கு வாங்குவோர் தமிழ்நாட்டில் முதலில் தேடிச் செல்வது வில்லங்கச் சான்றையே ஆகும். ஒரு சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம், தானம், விடுதலை, பாகப்பிரிவினை ஆகியவற்றைச் சார்பதிவாளர் அலுவலகம் ஆண்டுவாரியாகத் தொகுத்துத் தரும் அச்சான்றில் முப்பது ஆண்டுகளுக்குச் சிக்கல் எதுவும் காணப்படவில்லையெனில், அந்த வீடு சுத்தமானது என்று ஊரார் சொல்லிவிடுவர். ஆனால் அவ்வீட்டு முற்றத்தில் விழும் மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது, குளித்த தண்ணீர் யாருடைய மனைக்குள் புகுந்து போகிறது, கழிவறைத் தொட்டிக்கு அடித்தளம் போட்டிருக்கிறதா இல்லையா என்னும் கேள்விகளுக்கு அச்சான்றில் இடமில்லை. இங்கிலாந்தில் வீடு வாங்குவோரின் வழக்கறிஞர், நீர் வழங்கல், வடிகால் ஆகியவை பற்றிய தனித் தேடல் அறிக்கையொன்றைக் கேட்டுப் பெறுவதும், வீடு பழையதாயின் சாக்கடைக் குழாய்க்குள் கேமராவைச் செலுத்திப் பார்ப்பதும் வழக்கத்தில் உள்ளன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அந்தச் சோதனையை மழையே செய்கிறது, அதுவும் பணம் கைமாறிய பிறகுதான் செய்கிறது.

அம்மையார்குப்பத்தில் 2014ஆம் ஆண்டுப் பங்குனியில் ஓட்டு வீடொன்றை வாங்கிய, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் குடும்பம் அதன்பின் கண்டும் பட்டும் அறிந்தவற்றை ஒட்டி இந்நினைவுகள் அமைகின்றன. அவ்வூர் திருவள்ளூர் மாவட்டத்தில், ஆர்.கே.பேட்டை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளுக்கு நடுவில் அமைந்த நெசவூர். முன்பு கைத்தறியும் இப்போது விசைத்தறியும் ஊரின் பிழைப்பாக இருந்துவருவதால், எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்காத இடம் அரிது. பாதாளச் சாக்கடை கிடையாது. ஒவ்வொரு வீடும் தன் கழிவுநீருக்குத் தானே வழி தேடிக்கொள்ள வேண்டும். மேலே செம்மண்ணும் சரளையும், சில அடி ஆழத்தில் பாறையுமாக உள்ள இப்பகுதி நிலத்தில், கோடையில் கிணறு வறண்டு கிடப்பதும், வடகிழக்குப் பருவமழை நின்று பெய்தால் அதே கிணற்றில் கையால் மொள்ளும் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிவிடுவதும் ஒரே ஆண்டிலேயே நிகழக்கூடியவை. பாறை நீரைக் கீழே விடாது. விடாத நீர் மேலே ஏறும். வீடு பார்க்கக் கோடையில் வருபவருக்கு இந்த இரண்டாவது முகம் தெரிவதில்லை.

வாங்கப்பட்ட வீடு இருபது அடி அகலமும் அறுபது அடி நீளமும் கொண்ட மனையில், தெருத் திண்ணை தொடங்கிக் கொல்லைப்புறம் வரை நீண்ட ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தது. திண்ணையைத் தாண்டினால் நடை; நடையைத் தாண்டினால் நாற்புறமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம்; முற்றத்துக்கு அப்பால் சமையற்கட்டு; அதன் பின்னால் கிணறும் குளியலறையும் கழிவறையும். முற்றத்தின் கிழக்கு மூலையில், கருங்கல்லில் கையளவு துளை குடைந்து பதிக்கப்பட்டிருந்தது. இத்தகைய நீர்ப்போக்கியை அங்கணம் என்பது பழந்தமிழ். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளாகிய 720ஆம் பாவில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. அம்மையார்குப்பத்துப் பேச்சில் அது சலதாரை. பத்திரங்களிலும் ஜலதாரை என்றே எழுதப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயர் மாறிவந்தாலும் கல்லில் ஒரு துளை என்னும் ஏற்பாடு மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது என்பது சற்று வியப்பளிப்பதே.

முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் ஒரு பக்கம் மட்டும் ஏனையவற்றைவிட அகலமாக விடப்பட்டிருந்தது. அது தறி இருந்த இடம். கைத்தறிகளுள் குழித்தறி எனப்படும் வகையில், நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, எதிரே தோண்டப்பட்ட இரண்டு மூன்று அடி ஆழக் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, அங்குள்ள மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதிப்பார். மிதிக்குத் தக்கபடி பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிய, அவற்றினூடே நாடா ஓடி ஊடையை இழுத்துச் செல்லும். குழி கால்களுக்கு இடம் தருவதோடு, மண்ணின் ஈரப்பதத்தைப் பாவுக்கு அருகில் நிறுத்திவைப்பதால் நூல் காய்ந்து அறுந்துபோவதையும் குறைக்கிறது. விசைத்தறி வந்தபின் குழிக்கு வேலையில்லாமற் போயிற்று. இவ்வீட்டிலும் முந்தைய உரிமையாளர்கள் குழியை உடைந்த ஓடு, செங்கல் துண்டு, சாம்பல் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்டுப் பூச்சைப் போட்டு, சிவப்புச் சாயம் தீட்டி மூடியிருந்தனர். தரை பளபளவென்று இருந்தது. வீட்டைச் சுற்றிக் காட்டியபோது அதைத்தான் முதலில் காட்டினர்.

விற்பனைக்கு முன் வீடு முழுவதற்கும் புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டிருந்ததும், தாழ்வாரச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மட்டும் சிமெண்டுப் பூச்சு புதியதாக இருந்ததும் வாங்கியவரின் கண்ணில் பட்டன. ஆனால் அவை வீட்டைப் பராமரித்ததன் அடையாளமாகவே அவருக்குத் தோன்றின. கட்டுமானம் அறிந்தவருக்கு அந்த மூன்றடி வேறு செய்தியைச் சொல்லியிருக்கும். தரையடி ஈரத்தைச் செங்கல் தன் நுண்துளைகள் வழியே விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலே இழுக்கும். ஓதம் என்று சொல்லப்படும் அவ்வீரம் பொதுவாக மூன்றடி உயரத்தை ஒட்டி ஏறி நின்று, ஆவியாகும்போது தன்னோடு கொண்டுவந்த உப்பைச் சுவரின் மேற்பரப்பில் விட்டுச் செல்லும். உப்புப் பூத்து, காரை பொரிந்து, பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை மூச்சுவிடுவதுபோல் வெளியேற்றிவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடுவதால் ஈரம் பூச்சுக்கு மேலே இன்னும் உயர ஏறும். ஆகவே பழைய சுவரின் அடிப்பகுதியில் மட்டும் புதுப்பூச்சு தென்பட்டால் அதை அழகென்று கொள்ளாமல், காரணம் என்னவென்று கேட்பதே முறை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் தாமாகவே சொல்லிவிட வேண்டும் என்று விதிக்கிறது. ஆனால் மூன்றடிப் புதுப்பூச்சு சாதாரணக் கவனத்துக்குத் தெரியக்கூடியதா இல்லையா என்று வழக்கு மன்றத்தில் வாதாடுவதைவிட, பத்து நிமிடம் சுவரோடு சுவராகக் குனிந்து பார்ப்பது மலிவானது.

விற்ற மூதாட்டி பொய் சொன்னார் என்று கொள்வதற்கில்லை. கழிவறைத் தொட்டியைப் பற்றிக் கேட்டபோது, "முப்பது வருஷத்துல ஒரு தரம்கூட அந்தத் தொட்டி நெரம்பினதில்ல தம்பி, லாரியே கூப்பிட்டதில்ல" என்று அவர் பெருமையோடு சொன்னார். வாங்கியவரும் அதை ஒரு நற்சான்றாக எடுத்துக்கொண்டார். செப்டிக் டேங்க் எனப்படும் மலக்கழிவுத் தொட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருந்தால் அவர் அங்கேயே துணுக்குற்றிருப்பார். அது நீர் கசியாத பெட்டி. கழிவின் கனமான பகுதி அடியில் கசடாகத் தங்க, தெளிந்த நீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியே வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போகும். கசடு தங்கிக்கொண்டே இருப்பதால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அதை எடுத்தாக வேண்டும். முப்பது ஆண்டுகளாக நிரம்பாத தொட்டி என்றால் அதற்கு அடி இல்லை என்று பொருள். உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் வெறும் மண்ணை விட்டுவிட்டு, அதற்கும் செப்டிக் டேங்க் என்றே பெயர் வைத்துவிடும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தின் 2470ஆம் எண் விதித்தொகுப்பு, உறிஞ்சும் அமைப்பு எதுவும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டருக்கும் குறையாத தொலைவில் இருக்க வேண்டும் என்கிறது. அவ்வீட்டின் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்தது ஐந்து மீட்டர் கூட இராது. இருபதடி அகல மனையில் 18 மீட்டரை எங்கே போய்த் தேடுவது என்பது நியாயமான கேள்விதான். அதற்கான விடை, அக்கிணற்று நீரைக் குடிக்கக் கூடாது என்பதே. விற்றவர் குடும்பம் அதைக் குடித்தே வாழ்ந்திருந்தது.

முதல் எச்சரிக்கை மழையால் வரவில்லை, விருந்தாளிகளால் வந்தது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்துச் செல்லும் உறவினர்கள் இருபது பேருக்கு மேல் முதல்நாள் இரவே வந்து தங்கி, விடியலுக்கு முன் ஒருவர் பின் ஒருவராகத் தலைக்குக் குளித்தனர். அந்தத் தண்ணீர் குளியலறையை விட்டு வெளியேறாமல் பின்வாங்கி, சமையற்கட்டு வாசலைக் கடந்து, முற்றத்தில் கணுக்கால் அளவுக்கு வந்து நின்றது. மஞ்சள் வேட்டியும் புடவையுமாகக் காவடியோடு நின்றிருந்தவர்கள் சோப்பு நுரையைத் தாண்டித் தாண்டி வாசலுக்குப் போன காட்சியை அக்குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்று யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக் கழிவுநீரின் கணக்கு எளிமையானது. ஆனால் வீடு வாங்கும்போது எவரும் போட்டுப் பார்க்காதது. ஊரக வீடுகளுக்குக் குழாய் இணைப்பு வழங்க 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. உள்ளே வரும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. அதன்படி ஐவர் வாழும் வீட்டிலிருந்து நாளொன்றுக்கு 220 லிட்டர் வெளியேற வழி வேண்டும். மழைநீர்க் கணக்கு இதைவிட அச்சமூட்டுவது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர்; 1,200 சதுர அடி மனை ஏறத்தாழ 111 சதுர மீட்டர்; எனவே ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் அம்மனைக்குள் விழுவது 11,000 லிட்டருக்கும் மேல், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி. கிணற்றிலிருந்து குடங்குடமாகச் சேந்தி வாழ்ந்த காலத்தில் போதுமானதாக இருந்த கல்துளைக்கு, மோட்டாரும் குழாயும் வந்தபின் வேலை பெருகியது. அதன் மறுமுனையோ இதற்குள் அடைபட்டிருந்தது.

அடைபட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வந்த மேஸ்திரி செய்த சோதனை எளியது. ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து முற்றத்துத் துளையில் ஊற்றிவிட்டு, வீட்டைச் சுற்றிலும் ஆட்களை நிறுத்தி எங்கே நீலம் தெரிகிறது என்று பார்க்கச் சொன்னார். தெருச் சாக்கடையில் தெரியவில்லை. கொல்லையிலும் தெரியவில்லை. அரைமணி கழித்துக் கிழக்கு வீட்டுக் கொல்லையில், வாழை மரத்தடியில் மண் லேசாக நீலம் பாரித்தது. இரு வீடுகளும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துக்கு உரியவையாக இருந்து, அண்ணன் தம்பி பாகத்தில் பிரிந்தவை. முற்றத்து நீர் கிழக்கு வீட்டுக் கொல்லை வழியாகப் பின்தெரு வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவ்வீடு கைமாறி, புதிதாக வந்தவர்கள் கொல்லையில் விசைத்தறிக் கொட்டகை போட்டபோது, நடுவே ஓடிய வாய்க்கால் யாருடையது என்று தெரியாமலே மூடப்பட்டுவிட்டது.

வாய்க்காலின்மேல் உரிமை உண்டா என்று தேடப் புகுந்தபோதுதான், எல்லைப்புற ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வெளிப்பட்டது. திருத்தணி வட்டம் 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனுடன் சென்றது, ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் அளித்த தீர்ப்புக்கும் பின்னர், 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எனவே இப்பகுதியில் ஒரு வீட்டின் தாய்ப்பத்திரம், அதாவது உரிமைத் தொடரின் மூலமான ஆவணம், தெலுங்கில் இருப்பது புதுமையன்று. இவ்வீட்டின் பாகப்பத்திரமும் தெலுங்கில் எழுதப்பட்டதே. வாங்கும்போது தரப்பட்ட தட்டச்சுத் தமிழ் மொழிபெயர்ப்பில், கிழக்கே "முருகன் கால்வாய்" என்று கண்டிருந்தது. மலைக்கோயிலுக்கு ஏதோ ஒரு காலத்தில் விடப்பட்ட தருமக் கால்வாயாக இருக்கும் என்று அனைவரும் பக்தியோடு கடந்துவிட்டனர். நகரியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூலத்தைப் படித்தபோது அது "முருகு காலுவ" என்று தெரிந்தது. தமிழில் அழகையும் மணத்தையும் குறிக்கும் முருகு என்னும் சொல், தெலுங்கில் அழுகலையும் கழிவுநீரையும் குறிக்கும். முருகு காலுவ என்றால் சாக்கடை. திருத்தணிக்குப் பக்கத்து ஊரில் இத்தகைய தவறு நேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சரியாகப் படித்திருந்தால் வீட்டின் நீர்வழி எது என்பது வாங்கும் முன்பே தெரிந்திருக்கும்.

1882ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், ஒருவருடைய மனையின் அனுபவத்துக்காக இன்னொருவருடைய மனைமீது உள்ள உரிமையைப் பாத்தியமாக வரையறுக்கிறது. பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம், ஜலதாரைப் பாத்தியம் என்று வருபவை இவையே. மேட்டு நிலத்தில் இயற்கையாக விழுந்து பரவும் நீரைப் பள்ளத்து நிலத்துக்காரர் தடுக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. வாய்க்கால் வழியாகக் கழிவுநீர் விடும் உரிமைக்கு இது போதாது. அது பத்திரத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது இருபது ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையில்லாமலும் அனுபவிக்கப்பட்டிருக்க வேண்டும். நீண்ட அனுபவத்தைக் காரணம் காட்டுவோர், அந்த அனுபவம் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வரை நீடித்ததாகக் காட்ட வேண்டும். வாய்க்கால் மூடிப் பத்தாண்டுகள் ஆகிவிட்ட நிலையில் அவ்வழி அடைபட்டுவிட்டது. பத்திரத்தில் கொடுத்த உரிமையோ இருபது ஆண்டுகள் தொடர்ந்து அனுபவிக்கப்படாமல் இருந்தால்தான் அற்றுப்போகும். ஆகவே அந்தத் தெலுங்குச் சொல்லுக்கு இன்னும் உயிர் இருந்தது. ஆயினும் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் செல்ல ஆசிரியருக்கு மனம் வரவில்லை. வழக்கு முடியும் முன் எத்தனை கார்த்திகை வந்துபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

2014இன் மழை வீட்டை அவ்வளவாகச் சோதிக்கவில்லை. 2015 நவம்பரில் தீபாவளியை ஒட்டித் தொடங்கிய மழை, சென்னையையும் திருவள்ளூர், காஞ்சிபுரம், கடலூர் மாவட்டங்களையும் மூழ்கடித்துக்கொண்டு டிசம்பர் முதல் வாரம் வரை விட்டுவிட்டுப் பெய்தபோது, வீட்டின் எல்லாக் கணக்குகளும் ஒன்றாகத் தீர்க்கப்பட்டன. தெருவிலிருந்து முதலில் நீர் வந்தது. திண்ணை வைத்துக் கட்டிய காலத்தில் தெருவைவிட இரண்டு படி உயரத்தில் இருந்த வீடு, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தாரும் சிமெண்டும் அடுக்கடுக்காகப் போட்டுவந்ததால், தெருவைவிட ஒன்பது அங்குலம் பள்ளமாகிவிட்டிருந்தது. வீடு தாழவில்லை, தெருதான் வளர்ந்தது. புதிய சாலை போடும்முன் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, வீடுகளின் வாசல்மட்டம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021இல் அறிவுறுத்தினார். அதற்கு முன் போட்ட சாலைகள் போட்டபடியே கிடக்கின்றன.

இரண்டாவது நீர் கீழிருந்து வந்தது. மழை தொடங்கிய ஐந்தாம் நாள் காலை, தாழ்வாரத்துச் சிவப்புத் தரையில் நாலடிக்கு மூன்றடி என்று கோடு கிழித்தாற்போல் ஒரு நீள்சதுரம் மட்டும் கறுத்துத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் உலர்ந்திருந்தது. மறுநாள் அந்தச் சதுரத்தின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியது. அதன் வழியே சிறு குமிழிகள் வந்தன. மூன்றாம் நாள் மதியம், அலமாரியை நகர்த்துவதற்காக ஒருவர் அதன்மேல் காலை ஊன்றியபோது தரை ஒரு சாண் உள்ளே இறங்கி, பாதம் சேற்றில் புதைந்தது. உடைந்த சிமெண்டுப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோது, கொட்டிய ஓடுகளும் சாம்பலும் அமிழ்ந்துபோய், விளிம்புக்கு நாலங்குலம் கீழே வரை தெளிந்த நீர் நின்றது. உள்ளே, பழைய மிதிக்கட்டை ஒன்று கயிற்றோடு மிதந்தது.

அதைப் பார்க்க வந்தவர்களுள் எதிர்வீட்டு முதியவர் ஒருவருக்கு மட்டும் வியப்பே ஏற்படவில்லை. "ஐப்பசி கார்த்திகையில குழியில ஊத்து எடுத்துக்கும் சார், அது எப்பவும் உள்ளதுதான். காலையில ரெண்டு தவலை மொண்டு ஊத்திட்டுத்தான் தறியில ஒக்காருவோம். குழி ரொம்பிட்டா வேல இல்ல, கூலி இல்ல" என்றார். மழைக்காலத்தில் குழிக்குள் ஊற்றெடுத்துத் தறி நின்றுபோவதும், அந்த நாட்களுக்கு நெசவாளர்கள் நிவாரணம் கேட்பதும் காஞ்சிபுரம் முதலான நெசவூர்களிலும் ஆண்டுதோறும் கேட்கும் செய்தியே. கால்களை அந்தக் குழிக்குள் விட்டுக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தன் வீட்டின் அடியில் தண்ணீர் எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்பது எந்த நாளும் தெரிந்திருந்தது. குழியை மூடியவர்கள் நீரை மூடவில்லை. நீரைக் காட்டிய கண்ணாடியை மூடினார்கள். வீடு பார்க்க வந்த நாளில் அம்முதியவரின் திண்ணையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால், வழக்கறிஞரும் தரகரும் சொல்லாத எல்லாவற்றையும் அவர் செலவில்லாமல் சொல்லியிருப்பார் என்பது இவ்விடத்தில் குறிக்கத்தக்கது.

மழை விட்டபின் மேஸ்திரி ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்னும் விதியைக் கொண்டு, தெரு, நடை, முற்றம், கொல்லை, பின்தெரு ஆகிய ஐந்து இடங்களின் உயரத்தையும் சுவரில் கரிக்கோடு போட்டுக் குறித்தார். கட்டுமானத் தொழிலாளர் நீர் ஓடுவதற்காக விடும் சரிவை வாட்டம் என்பர். நாலங்குலக் குழாயில் கழிவு தங்காமல் ஓட அறுபது அடிக்கு ஓரடியேனும் வாட்டம் வேண்டும். தெருவை நோக்கி முற்றத்திலிருந்து வாட்டம் கிடைக்க வழியே இல்லை, தெரு மேடாகிவிட்டது. முற்றத் தரையை உயர்த்தலாமென்றால் தாழ்வாரம் பள்ளமாகும். தாழ்வாரத்தை உயர்த்தினால் ஓட்டுக்கூரை தலையில் இடிக்கும். ஜாக்கிகளை வைத்து வீட்டையே தூக்கும் முறை சென்னையில் பரவிவந்த காலம் அது. மண் சாந்தில் கட்டிய சுவரை அப்படித் தூக்க முடியாது என்று மேஸ்திரி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வடகிழக்காகிய ஈசானிய மூலைக்கே நீர் ஓட வேண்டும் என்னும் வாஸ்து நம்பிக்கைப்படி முந்தையவர்கள் கொல்லைத் தளத்தை மண்ணின் இயல்பான சரிவுக்கு எதிராகச் சரித்துப் போட்டிருந்தனர் என்பதும் அன்று தெரியவந்தது. நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வாஸ்து படிப்பதில்லை.

உறிஞ்சுகுழியும் செய்து பார்க்கப்பட்டது. மூன்றடி விட்டத்தில் தோண்டி, கருங்கல் ஜல்லியும் உடைகல்லும் நிரப்பி, குளித்த நீரை அதற்குள் விடும் இவ்வேற்பாட்டை அரசுத் திட்டங்கள் ஊர்தோறும் பரிந்துரைக்கின்றன. எட்டு மாதம் அது நன்றாகவே வேலை செய்தது. பாறைக்கு மேல் நீர் ஏறி நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உறிஞ்ச இடமின்றி அதுவும் பொங்கியது. தறிக்குழியில் ஊற்றெடுக்கும் வீட்டுக்கு இன்னொரு குழி தீர்வாகாது என்று முன்பே உணர்ந்திருக்கலாம். பழைய உறைத் தொட்டியை லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு மணல் கொட்டி மூடி, தரமான அடித்தளத்தோடு புதிய தொட்டி கட்டப்பட்டது. அவ்வேளையில், உள்ளே ஆள் இறங்கிச் சுரண்டித் தந்தால் செலவு குறையும் என்று ஒருவர் சொன்னதை ஆசிரியர் அறவே மறுத்தார். பாதுகாப்பின்றி மனிதரை மலத்தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அத்தொட்டிகளில் தேங்கும் விஷவாயு உயிர் குடிக்கும் என்பதை அறியாதவர் இன்று யாருமில்லை.

கடைசியில் வழி திறந்தது கிழக்கு வீட்டில்தான். ஆசிரியரின் மனைவி அவ்வீட்டுப் பெண்ணை அழைத்துவந்து, தரை இறங்கிய தறிக்குழியைக் காட்டி, தங்கள் நீர் வெளியேறாவிட்டால் நடுச்சுவர் வழியாக அவர்களுடைய கொட்டகைக்கும் ஈரம் ஏறும் என்று சொன்னார். உண்மையில் அங்கும் பாவு நூலில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. தெலுங்குப் பத்திரத்தால் ஆகாத காரியம் அப்போது ஆயிற்று. திறந்த வாய்க்காலுக்குப் பதிலாக, கொட்டகையின் ஓரத்தோடு நாலங்குல பிவிசி குழாயைத் தகுந்த வாட்டத்தில் புதைத்து, இரண்டு இடங்களில் திறந்து பார்க்க வசதியாகச் சேம்பர் எனப்படும் சிறு தொட்டிகள் கட்டி, குளியலறை, சமையற்கட்டு நீரும் முற்றத்து நீரும் பின்தெரு வாய்க்காலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. செலவை இரு வீட்டாரும் பகிர்ந்துகொண்டனர். பாவுக்குப் போடும் கஞ்சியும் நூல் துகளும் சேர்ந்து அந்தச் சேம்பர்கள் அடைத்துக்கொள்வதால் மாதம் ஒருமுறை திறந்து வார வேண்டியிருக்கிறது. சுவரின் சிமெண்டுப் பூச்சைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசியபின் ஓதம் குறைந்ததேயொழிய முற்றிலும் நீங்கவில்லை. தறிக்குழியை மறுபடியும் நிரப்பவில்லை. குப்பையை வாரி எடுத்து, பக்கங்களைக் கல்லால் கட்டி, மேலே தூக்கி எடுக்கக்கூடிய கடப்பைக் கல்லைப் போட்டிருக்கின்றனர். ஐப்பசி பிறந்தால் அந்தக் கல்லைத் தூக்கிப் பார்ப்பது அவ்வீட்டு வழக்கமாகிவிட்டது.

2019இல் கிழக்கு வீடு மீண்டும் விலைக்கு வந்தபோது, வாங்குபவரிடம் ஆசிரியர் நேரில் சென்று கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில், எல்லைகளைக் கூறும் செக்குபந்திக்கு அடுத்தபடியாக, மேற்கு வீட்டின் கழிவுநீரும் மழைநீரும் கொட்டகை ஓரத்துக் குழாய் வழியாகப் பின்தெருவுக்குச் செல்லும் பாத்தியம் உண்டு என்று, குழாயின் நீளத்தையும் அளவையும் குறித்து, தமிழில் எழுத வேண்டும் என்பதே அது. வாங்குபவர் சற்று யோசித்தார், பின் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வரிக்குப் பத்திர எழுத்தர் தனிக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.